பரிசோதனைக் கூடத்துக்கே ஒரு பரிசோதனை!

2011-ம் ஆண்டு அக்டோபர் மாதம். இங்கிலாந்து நாட்டின் தென்மேற்குப் பகுதியைச் சேர்ந்த ஒரு வாலிபரைப் போலீசார் கைது செய்தனர்.

குற்றம் சாதாரணமானது அல்ல. மான்செஸ்டர் நகரப் பூங்கா ஒன்றில் ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்தார் என்பது குற்றச்சாட்டு.

வாலிபர் திடுக்கிட்டார். குற்றத்தை அடியோடு மறுத்தார். ஆனால் யார் நம்புவார்கள்? அவருக்கு எதிராக ஒரு சாட்சி இருந்தது. அந்தச் சாட்சிக்குக் கண் இல்லை, காது இல்லை, வாயும் இல்லை. ஆனால் எந்த வக்கீலாலும் அதைக் குறுக்கு விசாரணையில் மடக்க முடியாது என்று எல்லாரும் எண்ணினார்கள்.

அதுதான் டி.என்.ஏ. என்னும் மரபணுச் சாட்சி!

பாதிக்கப்பட்ட பெண்ணிடம் எடுத்த மாதிரியில் இந்த வாலிபரின் மரபணு இருப்பதாகப் பரிசோதனைக் கூடம் எழுதிக் கொடுத்துவிட்டது. அது தொடர்பில்லாத வேறொருவருடையதாக இருப்பதற்கு நூறு கோடியில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்றும் சொல்லிவிட்டது.

நூறு கோடியில் ஒன்று! இதற்குமேல் என்ன வேண்டும்? வாலிபரைச் சிறையில் அடைத்தார்கள்.

ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. கிறிஸ்துமஸ் பண்டிகையும் வந்து போயிற்று. வாலிபர் சிறையிலேயே கிடந்தார்.

பிறகு போலீசார் அவருடைய டெலிபோன் கணக்கைப் பார்த்தார்கள். குற்றம் நடந்த சில மணி நேரத்துக்குப் பிறகு அந்த டெலிபோன் எங்கே இருந்தது தெரியுமா? பிளிமத் என்னும் துறைமுக நகரத்தில்! மான்செஸ்டருக்கும் அதற்கும் நடுவே இருநூறு மைலுக்கு மேல் தூரம் உண்டு.

அப்படியானால் மரபணு பொய் சொல்லியதா?

பழைய தட்டு செய்த வேலை

மரபணு பொய் சொல்லவில்லை. அதைச் சோதித்த இடத்தில்தான் கோளாறு.

அந்தப் பரிசோதனைக் கூடம் ஒரு தனியார் கம்பெனிக்குச் சொந்தமானது. அங்கே மாதிரிகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கும் வேலையை இயந்திரங்கள் செய்கின்றன. பணியாரச் சட்டியில் குழிகள் இருப்பதுபோல் சின்னச் சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு மாதிரியைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். வேலை முடிந்ததும் தட்டைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். மறுபடி அதைத் தொடக் கூடாது.

ஆனால் ஒரு நாள், உபயோகித்த தட்டு ஒன்று புதுத் தட்டுகளோடு கலந்துவிட்டது.

அந்தப் பழைய தட்டின் ஒரு குழியில் இந்த வாலிபரின் எச்சில் இருந்தது. அது வேறு ஊரில், வேறொரு சிறு சச்சரவில் எடுக்கப்பட்ட மாதிரி. அதே குழியில் மான்செஸ்டர் வழக்கின் மாதிரியும் போய் விழுந்தது. இயந்திரம் தன் கடமையைச் செய்தது. குழியில் என்ன இருந்ததோ அதைச் சொன்னது.

“நூறு கோடியில் ஒன்று” என்ற கணக்கிலே பிழை இல்லை. ஆனால் கைமறதிக்கு எத்தனை கோடியில் ஒரு பங்கு வாய்ப்பு என்று எவரும் கேட்கவில்லை!

2012-ம் ஆண்டு மார்ச் மாதம் வழக்கு வாபசாயிற்று. செய்யாத குற்றத்துக்காகச் சுமார் ஐந்து மாதம் சிறையில் இருந்துவிட்டு, வாலிபர் வெளியே வந்தார்.

இந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்று விசாரித்து அறிக்கை வெளியிட்டவர் ஓர் அதிகாரி. பிரிட்டிஷ் அரசாங்கம் நியமித்த தடய விஞ்ஞானக் கண்காணிப்பு அதிகாரி. விசாரித்தார், பிழையைக் கண்டுபிடித்தார், திருத்தும் வழிகளைச் சொன்னார். ஆனால் “இப்படிச் செய்துதான் ஆக வேண்டும்” என்று உத்தரவிட அவருக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை!

அந்த அதிகாரம் கிடைக்க மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

எடைக்கல்லுக்கு முத்திரை உண்டு

கடைத்தெருவில் காய்கறி வாங்கப் போகிறோம். கடைக்காரர் தராசில் எடைக்கல்லைப் போடுகிறார். அந்தக் கல்லில் சர்க்கார் முத்திரை இருக்கிறது. முத்திரை இல்லாத கல்லைப் போட்டால் கடைக்காரருக்கு அபராதம்.

ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு இவ்வளவு கட்டுப்பாடு! ஆனால் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பும் பரிசோதனைக் கூடத்தின் தராசுக்கு முத்திரை குத்துவது யார்?

இந்தக் கேள்வியை இங்கிலாந்து நெடுங்காலம் கேட்காமலே இருந்தது. காரணம் உண்டு. அங்கே பரிசோதனைக் கூடங்கள் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தன. 1935-ம் ஆண்டில் லண்டன் போலீசாருக்கென்று ஹெண்டன் என்னும் இடத்தில் ஒரு கூடம் திறந்தார்கள். மற்ற ஊர்களிலும் உள்நாட்டு இலாகா கூடங்களை அமைத்தது. 1991-ம் ஆண்டில் உள்நாட்டு இலாகாவின் கூடங்கள் “தடய விஞ்ஞான சேவை” என்ற தனி அமைப்பாக மாறின. பின்னர் லண்டன் போலீசாரின் கூடமும் அதில் சேர்ந்தது.

அரசாங்கமே நடத்துகிறது, அதை வேறு யார் பார்க்க வேண்டும் என்ற எண்ணம்தான்.

நிரபராதியை மீட்ட விஞ்ஞானம்

இந்த விஞ்ஞானத்தின் பெருமையையும் மறந்துவிடக் கூடாது.

1984-ம் ஆண்டில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரிஸ் என்ற விஞ்ஞானி மரபணு அடையாளத்தைக் கண்டுபிடித்தார். கைரேகை ஆளுக்கு ஆள் வேறுபடுவதுபோல மரபணு அமைப்பும் வேறுபடும். உருவம் ஒத்த இரட்டைப் பிள்ளைகளுக்கு மட்டுமே அது ஒன்றாக இருக்கும். ரத்தம், எச்சில், தலைமயிரின் வேர் எதிலிருந்தும் அதை எடுக்கலாம்.

அந்த லெஸ்டர் பகுதியிலேயே 1983-ம் ஆண்டிலும் 1986-ம் ஆண்டிலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். ஒரு பையன் பிடிபட்டான். ஒரு கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டான். ஆனால் மரபணுவைச் சோதித்தபோது இரண்டு கொலையும் ஒருவன் செய்தவை, அந்த ஒருவன் இந்தப் பையன் அல்ல என்று தெரிந்தது. பையன் விடுதலையானான். உண்மைக் கொலைகாரன் பிறகு சிக்கினான். 1988-ம் ஆண்டில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

நிரபராதியை விடுவிக்கத்தான் இந்த விஞ்ஞானம் முதலில் துணை நின்றது. அதே விஞ்ஞானம் கவனக்குறைவால் ஒரு நிரபராதியைச் சிறையில் தள்ளியது என்றால் குற்றம் விஞ்ஞானத்தின் மீதா? இல்லை. அதைக் கையாளும் முறையின் மீது!

கண்ணில் படாத ரத்தம்

நிரபராதி சிறைக்குப் போவது ஒரு பக்கம். குற்றவாளி தப்பிப்பது மறு பக்கம். அதற்கும் இங்கிலாந்தில் ஒரு கதை உண்டு. அந்த நாட்டையே கண்ணீர் விடச் செய்த கதை.

டாமிலோலா டெய்லர் என்ற பத்து வயதுச் சிறுவன். நைஜீரியாவிலிருந்து குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 2000-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி மாலை, பெக்காம் என்ற பகுதியில் உள்ள நூல்நிலையத்திலிருந்து வீட்டுக்குப் புறப்பட்டான். துள்ளிக் குதித்துக்கொண்டு போனதைக் கண்காணிப்புக் காமிரா படம் பிடித்திருந்தது.

வீட்டுக்கு அவன் வந்து சேரவில்லை. உடைந்த பாட்டில் துண்டு அவன் தொடையைக் கிழித்தது. ரத்தக் குழாய் அறுந்தது. ஒரு மாடிப்படியில் விழுந்து கிடந்தான். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. இன்னும் பத்து நாளில் அவனுக்குப் பதினோராவது பிறந்த நாள்.

போலீசார் பல பையன்களின் உடைகளையும் காலணிகளையும் கைப்பற்றி அரசாங்கக் கூடத்துக்கு அனுப்பினர். கூடம் சோதித்தது. பயனுள்ள தடயம் எதையும் காணவில்லை. 2002-ம் ஆண்டில் நான்கு பையன்கள் மீது நடந்த வழக்கு தோற்றது.

பிறகு போலீசார் அதே பொருள்களை வேறொரு தனியார் கூடத்துக்கு அனுப்பினர். அங்கே என்ன நடந்தது?

ஒரு காலணியில் ரத்தக் கறை! ஒரு மேற்சட்டையின் கைமடிப்பிலும் ரத்தக் கறை! இரண்டும் டாமிலோலாவின் ரத்தம். அந்தக் காலணியும் சட்டையும் முதல் வழக்கில் குற்றம் சாட்டப்படாத இரண்டு சகோதரர்களுடையவை.

2006-ம் ஆண்டில் அந்தச் சகோதரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஆறு ஆண்டுகளாக அந்த ரத்தம் அங்கேதான் இருந்தது. பார்க்க வேண்டிய கண்கள் பார்க்கத் தவறிவிட்டன. பெற்றவர்கள் இருவரும் ஒரு வழக்குத் தோற்பதைக் கண்டு, மேலும் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

இது எப்படி நேர்ந்தது என்று விசாரித்த நிபுணர்களின் அறிக்கை 2007-ம் ஆண்டில் வெளிவந்தது. அரசாங்கக் கூடமும் தவறும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று.

அதிகாரி வந்தார், அதிகாரம் வரவில்லை

அடுத்த ஆண்டு, 2008-ல், முதல் கண்காணிப்பு அதிகாரி நியமிக்கப்பட்டார். அவர் பெயர் ஆண்ட்ரூ ரென்னிசன். பரிசோதனைக் கூடங்கள் எப்படி இயங்க வேண்டும், யார் சோதிக்கலாம், எப்படிக் குறித்துவைக்க வேண்டும் என்று விதிகளை எழுதுவது அவர் வேலை. பழைய தட்டு வழக்கை விசாரித்தவரும் இவரே.

ஆனால் விதியை மீறினால்? அறிவுரை சொல்லலாம். அறிக்கை எழுதலாம். அவ்வளவுதான். கையில் பிரம்பு இல்லாத வாத்தியார் நிலைமை!

இதற்கிடையே நிலைமை தலைகீழாக மாறியது. அரசாங்கத்தின் தடய விஞ்ஞான சேவைக்கு மாதந்தோறும் சுமார் 20 லட்சம் பவுன் நஷ்டம் என்று கணக்குக் காட்டினார்கள். அதை மூடிவிடப் போவதாக 2010-ம் ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. விஞ்ஞானிகள் பலர் எதிர்த்தார்கள். பயன் இல்லை. 2012-ம் ஆண்டு மார்ச் மாதம் அது மூடப்பட்டது.

அதன் வேலை தனியார் கம்பெனிகளுக்கும் போலீசாரின் சொந்தக் கூடங்களுக்கும் போயிற்று. கம்பெனிக்கு லாபம் வேண்டும். போலீசாருக்குக் குற்றவாளி வேண்டும். உண்மை மட்டும் வேண்டும் என்று பார்ப்பவர் யார்? கண்காணிப்பு அதிகாரிக்கு வேலை கூடியது. அதிகாரம் மட்டும் கூடவில்லை.

இல்லாத பெண்ணைத் தேடிய போலீஸ்

இங்கிலாந்தில் மட்டும்தானா இந்தத் தொல்லை? இல்லை. ஜெர்மனியில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும்.

2007-ம் ஆண்டில் ஹைல்பிரான் என்ற ஊரில் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே எடுத்த மாதிரியில் ஒரு பெண்ணின் மரபணு இருந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் சுமார் 40 குற்றங்களில் அதே பெண்ணின் மரபணு காணப்பட்டது. கொலை, கொள்ளை, திருட்டு, எல்லாவற்றிலும் அவளே! அவளைப் பிடித்துக் கொடுப்பவருக்கு 3 லட்சம் ஈரோ பரிசு என்றுகூட அறிவித்தார்கள்.

2009-ம் ஆண்டில் உண்மை வெளியாயிற்று. அந்த “மாயப் பெண்” ஒரு கொலைகாரி அல்ல. மாதிரி எடுக்கப் பயன்படும் பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டிய தொழிலாளி! குச்சியில் கிருமி இல்லாதபடி சுத்தம் செய்திருந்தார்கள். ஆனால் கிருமி செத்தாலும் மரபணு அழிவதில்லை.

பஞ்சுக் குச்சி எங்கே தயாராகிறது என்பதுவரை கண்காணிப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையா?

கணக்கையே மாற்றினார்களா?

மறுபடியும் இங்கிலாந்துக்கு வருவோம். இதுவரை பார்த்தவை கவனக்குறைவு. 2017-ம் ஆண்டில் வெளிவந்ததோ அதைவிடப் பெரிய அதிர்ச்சி.

மான்செஸ்டரில் ஒரு தனியார் கூடம். ரத்தத்திலும் தலைமயிரிலும் போதைப் பொருள் கலந்திருக்கிறதா என்று அங்கே சோதிப்பார்கள். பரிசோதனை சரியாக நடந்தது என்று காட்டும் தரக் கணக்குகளிலேயே கை வைக்கப்பட்டிருப்பதாகத் தெரியவந்தது. பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கருதப்பட்ட வழக்குகள் பத்தாயிரத்துக்கு மேல்!

பெரும்பாலானவை போதையில் கார் ஓட்டிய வழக்குகள். குழந்தை தாயிடம் இருக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் குடும்ப வழக்குகளும் இந்த மாதிரிப் பரிசோதனைகளை நம்பி நடப்பவை. மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று. சில மாதிரிகளில் மறுபடி சோதிக்கப் போதிய ரத்தம் மிச்சம் இல்லை. பல தண்டனைகள் ரத்தாயின.

இதில் இரண்டு வகை அநியாயம். குற்றம் செய்யாதவர் தண்டனை பெற்றிருக்கலாம். குற்றம் செய்தவரும் தப்பித்திருக்கலாம்.

2014-ம் ஆண்டில் இரண்டாவது கண்காணிப்பு அதிகாரியாக வந்தவர் டாக்டர் கில்லியன் டல்லி என்ற பெண்மணி. “சட்டப்படி அதிகாரம் கொடுங்கள்” என்று தம் அறிக்கைகளில் திரும்பத் திரும்பக் கேட்டு வந்தார். 2019-ம் ஆண்டில் பிரபுக்கள் சபையின் விஞ்ஞானக் கமிட்டியும் அதையே வற்புறுத்தியது.

சட்டம் பிறந்தது

முன்பு ஒரு முறை பாராளுமன்றத்தில் வந்த மசோதா நிறைவேறாமல் போயிருந்தது. பிறகு டேரன் ஜோன்ஸ் என்ற அங்கத்தினர் ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமும் ஆதரித்தது. 2021-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி ராணியின் ஒப்புதல் கிடைத்து, அது சட்டமாயிற்று. அந்த ஆண்டு கேரி பியூ என்பவர் கண்காணிப்பு அதிகாரியானார். லண்டன் போலீசாரின் தடய விஞ்ஞானப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் அவர்.

இந்தச் சட்டம் என்ன சொல்கிறது?

முதலாவது: கண்காணிப்பு அதிகாரி விதித்தொகுப்பு ஒன்றை எழுத வேண்டும். பாராளுமன்றத்தின் இரு சபைகளும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது: ஒரு கூடத்தின் வேலையால் நீதிக்குப் பெரிய கேடு வரும் என்று அதிகாரி கருதினால் விசாரணை நடத்தலாம். தஸ்தாவேஜுகளைக் கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது: குறையைத் திருத்தும்படி நோட்டீஸ் கொடுக்கலாம். திருத்தும்வரை அந்த வேலையை நிறுத்தும்படியும் சொல்லலாம். கேட்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். நோட்டீஸ் அநியாயம் என்று கூடம் நினைத்தால் அதுவும் அப்பீல் செய்யலாம்.

நான்காவது: விதிப்படி சோதனை நடந்ததா என்பதைக் கோர்ட்டு தன் தீர்ப்பில் கவனத்தில் கொள்ளலாம்.

இந்த விதித்தொகுப்பு 2023-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி அமலுக்கு வந்தது. சாட்சி சொல்லும் நிபுணர், தாம் விதிப்படி நடந்தாரா இல்லையா என்பதைத் தம் அறிக்கையிலேயே எழுதித் தர வேண்டும். “நான் விஞ்ஞானி, என்னை நம்புங்கள்” என்று சொன்னால் மட்டும் போதாது!

கூடத்தைச் சோதிப்பது எப்படி?

பரிசோதனைக் கூடத்தையே பரிசோதிக்கச் சில எளிய வழிகள் உண்டு. கேட்டால் நம் வீட்டுச் சமையலறை யோசனைபோல இருக்கும்.

மாதிரி எதுவும் இல்லாத வெறும் நீர்மத்தை இயந்திரத்தில் விட்டுப் பார்ப்பார்கள். அதிலும் மரபணு தென்பட்டால் எங்கோ அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

விடை முன்பே தெரிந்த மாதிரியைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். சரியான விடை வருகிறதா என்று பார்ப்பார்கள்.

கூடத்தில் வேலை செய்பவர்களின் மரபணுவையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வழக்கின் மாதிரியில் வேலையாளின் மரபணுவே வந்தால், அது தும்மலாலோ கைபட்டதாலோ வந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பொருளும் யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போயிற்று என்று எழுதி வைப்பார்கள். எறிந்த தட்டுக்கும் கணக்கு வேண்டும்! அந்தக் கணக்கு ஒழுங்காக இருந்திருந்தால் அந்த வாலிபர் ஐந்து மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டியதில்லை.

செலவு அல்லவா?

எல்லாரும் இதை வரவேற்றார்களா? அதுவும் இல்லை.

சான்றிதழ் பெறச் செலவு ஆகும். தனி ஆளாக வேலை செய்யும் நிபுணர்களும் சிறு கம்பெனிகளும் தாங்க முடியாது என்றார்கள். சான்றிதழ் பெறக் கொடுத்த கெடுவைப் போலீஸ் இலாகாக்கள் பலவும் தவறவிட்டிருந்தன. எழுத்து வேலை கூடினால் பரிசோதனை தாமதமாகும், வழக்கும் தாமதமாகும் என்ற பயமும் உண்டு.

இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கண்காணிப்பு வந்துவிட்டால் தவறே நடக்காது என்று சொல்லவும் முடியாது. தட்டை எடுப்பது மனிதக் கைதான். மனிதக் கை என்றைக்காவது தவறும். தவறு நடந்தால் அது ஒளிந்துகொள்ளாமல் வெளியே வர வேண்டும். அதற்குத்தான் கண்காணிப்பு.

பழைய தட்டு வழக்கில் உண்மையை வெளிக்கொண்டுவந்தது எது? டெலிபோன் கணக்கு. அந்த வாலிபரிடம் அன்று டெலிபோன் இல்லாதிருந்தால்? வீட்டிலே மறந்து வைத்திருந்தால்? “நூறு கோடியில் ஒன்று” என்ற சொல்லுக்கு எதிராக அவர் எதைக் காட்டியிருப்பார்?

ஒரு மனிதனின் மானமும் வாழ்வும் தற்செயலாகக் கிடைத்த டெலிபோன் கணக்கை நம்பி இருக்கக் கூடாது. கத்தரிக்காய் நிறுக்கும் கல்லுக்கு முத்திரை குத்தும் உலகம், மனிதனை நிறுக்கும் கல்லுக்கும் முத்திரை குத்தத்தானே வேண்டும்?

இங்கிலாந்திலும் வேல்சிலும் அந்த முத்திரை வந்துவிட்டது. டாமிலோலா மாடிப்படியில் விழுந்த மாலையிலிருந்து கணக்கிட்டால், அது வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.